ஒரு நாளைக்கு 60 ஆயிரம் இரை! பனிக்கடலின் குட்டிப் பறவை

உள்ளங்கையில் வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். எடை சுமார் 160 கிராம். அவ்வளவு சிறிய பறவை அது.

ஆனால் அது குடியிருக்கும் இடம் எது தெரியுமா? மனிதன் கம்பளி போர்த்திக்கொண்டும் நடுங்கும் வட துருவப் பிரதேசம்! அங்கே நிழல் தரும் மரம் ஒன்று கூடக் கிடையாது. கோடைக் காலத்திலும் கடலில் பனிக்கட்டிகள் மிதக்கும். வருஷத்தில் பல வாரங்கள் சூரியனையே காண முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் குட்டிப் பறவை ஒன்று, இரண்டு அல்ல. கோடிக்கணக்கில் கூடிக் குடித்தனம் நடத்துகிறது.

அது மட்டுமல்ல. தான் பிழைப்பதோடு நிற்காமல், அந்தக் கல்லாந்தரையில் புல் முளைக்கவும், விலங்குகள் வயிறு நிறையவும், மனிதர்கள் குளிர்காலத்தைக் கடத்தவும் இதுவே காரணமாக இருக்கிறது.

இந்தப் பறவையின் பெயர் 'குட்டி ஆக்'. ஆங்கிலத்தில் 'லிட்டில் ஆக்' என்பார்கள். அமெரிக்காவில் 'டவ்கி' என்பார்கள். சின்னப் புறா என்று அர்த்தம். நார்வே நாட்டார் வைத்த பெயர்தான் வேடிக்கை. 'ஆக் ராஜா' என்று பொருள்படும்படி அழைக்கிறார்கள். அட்லாண்டிக் கடலில் உள்ள ஆக் ஜாதிப் பறவைகளிலே மிகச் சிறியது இதுதான். அதற்குத்தான் ராஜா பட்டம்!

கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை

அலகு நுனியிலிருந்து வால் வரை அளந்தால் 8 அங்குலம் இருக்கும். நம் ஊர் மைனாவைவிட நீளம் சற்றுக் குறைவு. ஆனால் உடம்பு உருண்டு திரண்டது. கழுத்து இருக்கிறதா, இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

தலை, கழுத்து, முதுகு எல்லாம் கறுப்பு. வயிறு தூய வெள்ளை. கோர்ட்டுக்குப் புறப்பட்ட வக்கீல் மாதிரி இருக்கும். தோளில் சில வெள்ளைக் கோடுகள். கண்ணுக்கு மேலே சிறிய வெள்ளைப் பொட்டு ஒன்று. அலகு குட்டையாகவும் தடித்தும் இருக்கும். குளிர்காலம் வந்துவிட்டால் தொண்டையும் கன்னமும் வெள்ளையாக மாறிவிடும். ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி.

இதன் படத்தைப் பார்ப்பவர்கள், "பெங்குவின் குஞ்சா?" என்று கேட்பது உண்டு. அது சரியல்ல. பெங்குவின் வாழ்வது பூமியின் தென் பாதியில். குட்டி ஆக் வாழ்வது வட கோடியில். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. குளிர்ந்த கடலில் முழுகி இரை தேடும் தொழில் ஒன்றாக இருப்பதால், உருவமும் ஒன்று போல் அமைந்துவிட்டது.

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பெங்குவினுக்குப் பறக்கத் தெரியாது. குட்டி ஆக் பறக்கும். ஆகாயத்தில் மட்டுமல்ல, தண்ணீருக்கு அடியிலும் அதே சிறகுகளை அடித்துக்கொண்டு 'பறக்கும்'! தண்ணீருக்குள் துடுப்பு போல் பயன்பட வேண்டும் என்பதற்காகச் சிறகு குட்டையாக அமைந்திருக்கிறது. அதனால் ஆகாயத்தில் பருந்தைப் போல் ஹாயாக மிதக்க முடியாது. வண்டு போல் படபடவென்று இடைவிடாமல் சிறகடிக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தினாலும் கீழே விழ வேண்டியதுதான். இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்! அந்தச் சக்திக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும்! அந்த ஆகாரத்தைத் தேடுவதுதான் இதன் வாழ்க்கைக் கதை.

கல் குவியலில் கூடு

கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் தீவுகள், ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பிரான்ஸ் ஜோசப் தீவுகள், நோவாயா செம்லியா ஆகியவைதான் இதன் பிறந்த வீடு. எல்லாவற்றிலும் பெரிய குடியிருப்பு கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே மட்டும் சுமார் 3 கோடியே 30 லட்சம் ஜோடிகள் கூடு கட்டுவதாக 2003ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

மே மாதத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடலிலிருந்து திரும்பி வருகின்றன. அப்போது மலைச் சரிவுகளில் பனி மூடிக் கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்து, பனி உருகும் வரை காத்திருக்கின்றன. இராப்பகல் இல்லாத காலம் அது. நடு இரவிலும் சூரியன் அடிவானத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் ஆயிரமாயிரம் பறவைகள் ஒரே வளையமாக மலையைச் சுற்றி வரும். அவை கத்தும் சப்தம், யாரோ கூட்டமாக உட்கார்ந்து கீச்சுக் குரலில் விட்டு விட்டுச் சிரிப்பது போல் கேட்கும்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மலையிலிருந்து உடைந்து விழுந்த கற்கள் சரிவில் குவிந்து கிடக்கின்றன அல்லவா? அந்தக் கற்களுக்கு இடையே உள்ள சந்துதான் வீடு. அடியில் சிறு சிறு கற்களைப் பரப்பிவிட்டால் படுக்கை தயார்! போன வருஷம் இருந்த அதே சந்தைத் தேடி, அதே ஜோடி பல வருஷங்கள் திரும்பி வருவது உண்டு.

வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான். ஆனால் அந்த முட்டை சுமார் 30 கிராம் இருக்கும். தாயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு அடைகாக்கின்றன. சுமார் 29 நாளில் குஞ்சு வெளியே வருகிறது.

அரிசி மணி அளவு இரை

இவ்வளவு பெரிய கூட்டம் எதைத் தின்று பிழைக்கிறது? மீனையா? இல்லை. கோடையில் இதன் முக்கிய ஆகாரம், 'காலனஸ்' என்ற நுண்ணிய கடல் ஜீவன். இறால் வகையைச் சேர்ந்தது. அளவோ ஓர் அரிசி மணி! சில அதிலும் சிறியவை.

இந்த அரிசி மணிக்குள்தான் ரகசியம் இருக்கிறது. வசந்த காலத்தில் கடல் பனி உடைந்து வெயில் உள்ளே புகும்போது, தண்ணீரில் பாசி பெருகுகிறது. காலனஸ் அந்தப் பாசியைத் தின்று, கொழுப்பாக மாற்றித் தன் உடம்புக்குள் சேர்த்துவைக்கிறது. குளிர்காலத்தில் கடலின் ஆழத்துக்குப் போய்ப் பட்டினி கிடக்க வேண்டுமே, அதற்கான சேமிப்பு அது. உடம்பு கண்ணாடி போல் இருப்பதால், உள்ளே எண்ணெய்ப் பை இருப்பது வெளியே தெரியும். குளிர்ந்த நீரில் வாழும் காலனஸ் உருவத்திலும் பெரியது, கொழுப்பும் அதிகம். குட்டி ஆக் தேடுவது அதைத்தான்.

ஆனால் என்ன இருந்தாலும் அரிசி மணி அரிசி மணிதானே! எத்தனை தின்றால் பசி தீரும்? கிழக்கு கிரீன்லாந்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் 2009ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 ஆயிரம் காலனஸ் வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் ஆறு வீதம் பிடித்தாக வேண்டும்!

கண் இமைப்பதற்குள் ஆறு இரையை எப்படிப் பிடிப்பது? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டி ஆக் வாயை அகலத் திறந்துகொண்டு வலை போல் நீந்துவது இல்லை. ஒவ்வொரு இரையையும் கண்ணால் பார்த்து, அலகை லேசாகத் திறந்து, தண்ணீரோடு உறிஞ்சி இழுக்கிறது. அவ்வளவு வேகம்! இதற்கு இரண்டு நிபந்தனைகள். வெளிச்சம் இருக்க வேண்டும். இரை நெருக்கமாக இருக்க வேண்டும். துருவத்தின் கோடையில் வெளிச்சத்துக்குக் குறைவு இல்லை. இரை எங்கே நெருக்கமாக இருக்கிறதோ, அங்கே தேடிப் போவதுதான் பாடு.

தனக்கு ஒரு நடை, குஞ்சுக்கு ஒரு நடை

பிடித்த இரையைக் குஞ்சுக்கு எப்படிக் கொண்டுபோவது? அலகில் கவ்வினால் நாலு மணி கூட நிற்காது. அதற்காகத் தாடைக்குக் கீழே, தொண்டையில் ஒரு பை அமைந்திருக்கிறது. அதை நிரப்பிக்கொண்டு பறந்து வரும்போது, பறவை தொண்டை வீங்கிய மாதிரி காணப்படும். ஒரு பையில் ஆயிரக்கணக்கான காலனஸ் இருக்கும்.

தாய் தந்தையரின் போக்குவரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. குஞ்சுக்காகப் பக்கத்துக் கடலுக்குப் பல முறை போய், சீக்கிரமாகத் திரும்பி வருகின்றன. அப்போது தங்கள் வயிற்றை அவ்வளவாகக் கவனிப்பது இல்லை. இப்படிச் சில நடை ஆனதும் உடம்பு இளைத்துவிடுகிறது. உடனே ஒரு நீண்ட பயணம் புறப்படுகின்றன. பத்து மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். சில சமயம் நூறு கிலோ மீட்டருக்கும் அப்பால் பனி மிதக்கும் கடல் வரை போய், தாங்கள் நன்றாகத் தின்று தெம்பு ஏற்றிக்கொண்டு வருகின்றன. பிறகு மறுபடியும் குஞ்சுக்காகக் குறுகிய நடைகள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தார், பிள்ளைக்கு முதலில் வைத்துவிட்டுத் தங்கள் சாப்பாட்டைப் பிறகு பார்ப்பது போலத்தான்!

குஞ்சு பெரிதாகும்போது தாய் கூட்டை விட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பின் முழுப் பொறுப்பும் தந்தைக்குத்தான். கடைசி நாட்களில் இரை கொண்டுவந்து கொடுப்பது தந்தை. பிறந்து சுமார் 27 நாள் ஆன குஞ்சைக் கடலுக்கு அழைத்துப் போவதும் தந்தை. குஞ்சுக்கு அதுதான் முதல் பயணம். ஒத்திகை கிடையாது. கல் சந்திலிருந்து வெளியே வந்து, சிறகை விரித்து, நேராகக் கடலை நோக்கிப் பறக்க வேண்டும்.

வழியில் எமன் காத்திருக்கிறான். வெள்ளைச் சிறகுள்ள பெரிய கடற்காகங்கள் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். தடுமாறும் குஞ்சைத் தூக்கிவிடும். கீழே கற்களுக்கு நடுவே துருவ நரி மோப்பம் பிடித்துத் திரியும். அது அகப்பட்ட பறவைகளையும் முட்டைகளையும் தின்றது போக, மீதியைக் குளிர்காலத்துக்காகப் புதைத்தும் வைக்கும். இதனால்தான் பறவைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தே பறக்கின்றன. எதிரி எதைப் பிடிப்பது என்று திகைக்கும்போது, பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன.

கல்லில் முளைத்த பச்சை

வடமேற்குக் கிரீன்லாந்தில் கரை ஓரமாகப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். சுற்றிலும் மொட்டைப் பாறை. ஆனால் சில மலைச் சரிவுகளுக்குக் கீழே மட்டும் பச்சைப் பசேல் என்று பாசியும் புல்லும்! மேலே குட்டி ஆக் குடியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

காரணம் எளிதானது. பறவை கடலில் தின்கிறது, கரையில் எச்சமிடுகிறது. கோடிப் பறவைகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இட்ட எச்சம்! அதுதான் அந்த ஏழை மண்ணுக்குக் கிடைத்த ஒரே உரம். அந்தப் பச்சையைத் தேடி வாத்துகள், துருவ முயல்கள், கஸ்தூரி எருதுகள் வந்து மேய்கின்றன. ஆக, கடலில் இருந்த அரிசி மணி, பறவையாகி, எச்சமாகி, புல்லாகி, கடைசியில் எருதின் வயிற்றுக்குள் போய்விடுகிறது.

கடலின் அந்தப் பகுதிக்கும் ஒரு சிறப்பு உண்டு. கிரீன்லாந்துக்கும் கனடாவின் தீவுகளுக்கும் இடையே, சுற்றிலும் கடல் உறைந்து கிடக்கும்போது, அங்கே மட்டும் தண்ணீர் திறந்தே இருக்கும். வடக்கே உள்ள குறுகிய ஜலசந்தியில் பனி இறுகி ஓர் அணை போல் நின்றுவிடுகிறது. மேலே இருந்து வரும் பனிக்கட்டிகளை அது தடுத்துவிடுகிறது. தெற்கே உள்ள பனியைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வெயில் சீக்கிரமே தண்ணீரில் விழுவதால் பாசி சீக்கிரம் பெருகுகிறது, காலனஸும் பெருகுகிறது. குட்டி ஆக் கோடிக்கணக்கில் அங்கே கூடுவதன் காரணம் இதுதான்.

குளிர்காலத்துக்கு ஒரு மூட்டை

அந்தக் கரையில் மனிதர்களும் வாழ்கிறார்கள். பழைய புத்தகங்கள் 'எஸ்கிமோ' என்று எழுதின. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'இனுகுவிட்'. கானாக், சியோராபலுக் என்பவை அவர்களுடைய ஊர்கள். சீல், வால்ரஸ் முதலிய கடல் விலங்குகளை வேட்டையாடுவது அவர்களுடைய தொழில். ஆனால் பெரிய வேட்டை கிடைக்காத நாளில் கைகொடுத்தது இந்தச் சிறு பறவைதான்.

இதைப் பிடிக்கத் துப்பாக்கி தேவையில்லை. நீண்ட கழியின் நுனியில் ஒரு வலை. கல் சரிவில் மறைவாக உட்கார்ந்துகொண்டு, தாழப் பறக்கும் கூட்டத்தில் வலையை வீசினால் போதும். பெண்களும் சிறுவர்களும் கூடப் பிடிப்பார்கள். பழைய காலத்தில் இதன் தோல்களைச் சேர்த்துத் தைத்து, இறகு உடம்பில் படும்படி சட்டையாக அணிந்தார்கள். ஒரு சட்டைக்கு ஏராளமான தோல்கள் தேவைப்பட்டன.

இதைக் கொண்டு அவர்கள் செய்யும் ஒரு பதார்த்தம் உலகப் பிரசித்தம். அதன் பெயர் 'கிவியாக்'. கொழுப்போடு கூடிய சீல் தோலைப் பை போல் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் 300 முதல் 500 பறவைகளை முழுசாக அடைக்கிறார்கள். இறகு பிடுங்குவது கூட இல்லை. காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைத் தைத்து, தையல் மேல் கொழுப்பைத் தடவுகிறார்கள். பிறகு கற்களுக்கு அடியில் வைத்து, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே பறவைகள் மெல்ல மெல்லப் புளித்துப் பதமாகின்றன. சூரியனே இல்லாத குளிர்காலத்தில், பிறந்த நாள், கல்யாணம் முதலிய விசேஷங்களுக்கு இந்த மூட்டையை எடுத்துப் பிரிக்கிறார்கள். வாடை தூக்கும். ஆனால் அவர்களுக்கு அது விருந்து. நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியும் கருவாட்டுப் பானையும் எதற்கு இருக்கின்றனவோ, அதற்குத்தான் அதுவும்: கிடைக்கும் காலத்தில் சேர்த்து, கிடைக்காத காலத்தில் சாப்பிட.

நியூயார்க்கில் பறவை மழை

ஆகஸ்டு மாதத்தில் குடியிருப்பு காலியாகிவிடும். கடலுக்குப் போன பறவைகள் பழைய சிறகு இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டுப் புதியவை வளரும் வரை சில வாரங்கள் பறக்க முடியாமல் மிதக்கின்றன. பிறகு தெற்கே பயணம்.

எங்கே போகின்றன என்பது வெகு காலம் சரியாகத் தெரியாமல் இருந்தது. பிறகு விஞ்ஞானிகள் ஓரிரு கிராமே எடையுள்ள ஒரு கருவியைப் பறவையின் காலில் கட்டிவிட்டார்கள். சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று அது குறித்துக்கொள்ளும். அடுத்த வருஷம் அதே பறவையைப் பிடித்து அந்தக் குறிப்பைப் பார்த்தால், அது எங்கே இருந்தது என்று கணக்கிடலாம். கிழக்குக் கிரீன்லாந்துப் பறவைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அருகே உள்ள கடல் வரை போவது அதனால் தெரியவந்தது.

நடுக்கடலில் புயல் அடித்தால் இந்தச் சிறு உடம்பு தாங்காது. 1932ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலில் அடித்த புயல்கள் ஏராளமான குட்டி ஆக்குகளை அமெரிக்கக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தன. நியூயார்க் நகரத்தின் தெருக்களில் கூட வந்து விழுந்தன. தெற்கே புளோரிடா வரை அவை காணப்பட்டன. பசியாலும் களைப்பாலும் செத்தவை கணக்கில்லை. கரையில் விழுந்த குட்டி ஆக்குக்கு மீண்டும் எழுந்து பறப்பது மிகக் கஷ்டம். தண்ணீர் இருந்தால்தான் அதற்கு ஓடு பாதை!

கடல் சூடேறுகிறது

புயல் எப்போதாவது வருவது. இப்போது வந்திருக்கும் ஆபத்து அப்படி வந்துபோவது அல்ல. பூமியின் வெப்பம் ஏறிவருகிறது. அதிலும் வட துருவப் பிரதேசம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடேறுகிறது. கடல் பனி குறைகிறது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் மேலும் மேலும் வடக்கே புகுகிறது.

அந்தத் தண்ணீரோடு வேறொரு வகைக் காலனஸ் வருகிறது. உருவத்தில் சிறியது, கொழுப்போ பல மடங்கு குறைவு. நெல் மூட்டைக்குப் பதிலாகப் பதர் மூட்டை வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். விநாடிக்கு ஆறு பிடித்தும் வயிறு நிறையாது. இன்னும் வேகமாகப் பிடிக்க வேண்டும். அல்லது இன்னும் தூரம் போக வேண்டும்.

இதற்குப் பாடம் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்துக்கு வடக்கே கிரிம்சே என்ற சிறு தீவு. அங்கேயும் ஒரு காலத்தில் குட்டி ஆக் கூடு கட்டி வாழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டொரு ஜோடிகள் இருந்தன. பிறகு அவையும் இல்லை.

ஆனால் இந்தப் பறவை உடனே தோற்றுவிடுவதும் இல்லை. பிரான்ஸ் ஜோசப் தீவுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே கோடையில் பக்கத்துக் கடலில் பனி இல்லாமல் போயிற்று. பறவைகள் என்ன செய்தன? பனியாறுகள் உருகிக் கடலில் விழும் இடத்துக்குப் போயின. உருகிய நன்னீர் உப்பு நீரில் கலக்கும் எல்லையில், நுண்ணிய ஜீவன்கள் திகைத்து மயங்கி மிதக்கின்றன. அவற்றைத் தின்று குஞ்சுகளை வளர்த்தன. குஞ்சுகளின் வளர்ச்சியில் குறை தெரியவில்லை. ஆனால் பெற்றோரின் எடையை நிறுத்துப் பார்த்தபோது, 20 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட 4 சதவிகிதம் குறைந்திருந்தது. பிள்ளையின் தட்டு நிறைந்திருக்கிறது. பெற்றவர்களின் உடம்பு இளைத்திருக்கிறது!

இன்னொரு தொல்லை மனிதன் வீசி எறிந்த குப்பை. கிழக்குக் கிரீன்லாந்தில் 2005, 2014ஆம் ஆண்டுகளில் குட்டி ஆக்கின் தொண்டைப் பையைப் பரிசோதித்தார்கள். காலனஸோடு பிளாஸ்டிக் துணுக்குகளும் இருந்தன. வெளிர் நிறத் துணுக்குகளே அதிகம். இரை என்று எண்ணி ஏமாந்து, பறவை அவற்றையும் பொறுக்கிக் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது. ஆலைகளும் நகரங்களும் இல்லாத கரையில் பிறந்த குஞ்சுக்கு, எங்கோ இருப்பவர்கள் எறிந்த பிளாஸ்டிக் ஆகாரமாகிறது.

குட்டி ஆக் இன்றைக்கே அழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அதன் கோடி உயிரும் ஓர் அரிசி மணியின் கொழுப்பில் தொங்குகிறது. அந்தக் கொழுப்போ கடலின் குளிர்ச்சியில் இருக்கிறது. குளிர்ச்சி போனால் கொழுப்பு போகும். கொழுப்பு போனால் பறவை போகும். பறவை போனால், அந்த மலைச் சரிவின் பச்சையும், மேயும் எருதும், இனுகுவிட் வீட்டுக் குளிர்கால மூட்டையும் கூடவே போகும்.

ஒவ்வொரு மே மாதமும் வடமேற்குக் கிரீன்லாந்தின் சிற்றூர்களில் மக்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். தூரத்தில் கரும் புகை போல் ஒரு கூட்டம் தெரியும். பிறகு அந்தக் கீச்சுச் சிரிப்பு கேட்கும். குளிர்காலம் முடிந்தது என்று அவர்களுக்கு அப்போதுதான் நிச்சயமாகும்.